அகழ்குழிகளில் நிலத்தடி நீர்வரத்தைக் கணித்தல்

நிலத்தடி நீர்மட்டத்திற்குக் கீழே அடித்தளம் தோண்டும்போது, குழியைச் சுற்றிக் குழாய்க் கிணறுகள் இறக்கி நீரை இறைப்பது வழக்கம். எவ்வளவு நீர் வரும் என்று கணிக்கும் சூத்திரங்கள் பழையவை. மணலூடே நீர் செல்லும் விதியை டார்சி 1856இல் வெளியிட்டார். டுப்புய், தீம் ஆகியோர் அதைக் கிணற்றுக்குப் பொருத்தினர். குழியை அதே பரப்புள்ள ஒரு பெரிய வட்டக் கிணறாகக் கொள்வதே கணிப்பின் சாரம். அடியிலுள்ள நீர்புகா அடுக்கிலிருந்து அளந்த, இறைப்புக்கு முந்தைய, பிந்தைய நீர்மட்ட உயரங்களின் வர்க்க வேறுபாட்டை மண்ணின் நீர்க்கடத்துதிறனாலும் பையாலும் பெருக்கி, பாதிப்பு ஆரத்துக்கும் (இறைப்பின் தாக்கம் எட்டும் தொலைவுக்கும்) குழியின் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தின் இயல்மடக்கையால் வகுக்க வேண்டும். விவாதம் பெரும்பாலும் பாதிப்பு ஆரத்தைப் பற்றியே நடக்கிறது. ஆனால் அது மடக்கைக்குள் அடங்கிய எண். விடையை ஆள்வது கடத்துதிறன்தான்.

40க்கு 30 மீட்டர் குழி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் சம ஆரம் சுமார் 19.5 மீட்டர். 15 மீட்டர் உயர நீர்மட்டத்தை 10 மீட்டருக்கு இறக்க வேண்டும். கடத்துதிறன் விநாடிக்கு 0.0001 மீட்டர். சிகார்ட்டின் அனுபவச் சூத்திரம் பாதிப்பு ஆரத்தை 150 மீட்டர் என்கிறது. நீர்வரத்து விநாடிக்குச் சுமார் 19 லிட்டர். ஆரத்தை இரட்டித்தாலும் 14 லிட்டருக்குத்தான் குறைகிறது. கடத்துதிறன் பத்து மடங்கானால், ஆரத்தையும் அதற்கேற்பக் கூட்டிய பின்னரும் 123 லிட்டர் வருகிறது. மணலில் பத்து மடங்கு வேறுபாடு அரிதன்று.

சல்லடைப் பகுப்பிலிருந்து ஹேசன் சூத்திரத்தால் கடத்துதிறனைப் பெறலாமே எனலாம். அது ஓரளவு சீரான மணலுக்கே பொருந்தும்; மேலும் கலைந்த மாதிரியில் மெல்லிய களிமண் பட்டைகள் மணலோடு கலந்துவிடுகின்றன, கிடையாகவும் செங்குத்தாகவும் நீர் வேறுவேறு அளவில் ஓடும் இயல்பு மறைந்துவிடுகிறது. கணினி மாதிரிகளும் இதே எண்ணைத்தான் உள்ளீடாகக் கேட்கின்றன. பெரிய பம்பைப் போட்டுவிட்டால் போதும் என்ற வாதம் இன்னும் வலுவற்றது: ஒரு கிணறு தாங்கும் வரத்துக்கு வரம்புண்டு, அதை மீறினால் நுண்மணல் உள்ளே இழுக்கப்பட்டு அருகிலுள்ள கட்டடம் அமிழலாம். ஆறு பக்கத்திலிருந்தால் வட்டச் சமச்சீர் குலையும் என்ற மறுப்பு மட்டும் நியாயமானது. அங்கே வடிவியலையே மாற்ற வேண்டும்.

ஆகவே செலவு சோதனை இறைப்பில் விழ வேண்டும். வெவ்வேறு தொலைவிலுள்ள இரு நோக்குக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறக்குறைய நிலைத்தபின் தாழ்வை அளந்தால், தீம் சமன்பாட்டில் பாதிப்பு ஆரத்துக்கே இடமில்லை. கடத்துதிறன் நேரே கிடைக்கிறது. திட்டத்துக்கான கிணறுகளில் ஒன்றையே முதலில் தோண்டிச் சோதித்து, மற்றவற்றின் எண்ணிக்கையை அதன்பின் முடிவு செய்தால் கூடுதல் செலவும் பெரிதாக இராது.