கொம்புமுறியும் சேரிப்பற்றும்

தம் கட்சியின் வெற்றிதோல்வியைத் தமது மானமாகவே கொள்ளும் விளையாட்டு இரசிகரைக் கைத்தொழில் யுகத்தின் படைப்பென நாம் எளிதிற் கருதிவிடுகின்றோம். மட்டக்களப்பு வாவியை அண்டிய கிராமங்களில் நிகழ்ந்த கொம்புமுறி விளையாட்டு இக்கருத்தை மீளாய்வு செய்யத் தூண்டுகின்றது.

மழை பொய்த்து நோய் பரவிய காலங்களிற் கண்ணகையம்மனின் சினந் தணிக்க இது ஆடப்பட்டது. ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. போர்த்தேங்காய் அடித்தலும் இவ்விழாவின் ஓரங்கமாகும். வலிய மரத்தின் வளைந்த கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி இழுப்பர். கொம்பு முறிந்தவர் தோற்றவர். வென்றவர் தம் கொம்பை ஊர்வலமாகக் கொண்டுசெல்ல, தோற்றவர் வசைப்பாடல்களைக் கேட்டு நிற்க நேரும். இங்கு பார்வையாளர் என்றொரு தனிக்கூட்டம் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. சேரி பரம்பரையாக வருவது. ஒருவர் விரும்பித் தேர்வதன்று. எனவே வடத்தைத் தொடாத முதியவருக்கும் தோல்வியில் பங்குண்டு.

சிங்கள மக்களிடையே அங்கெலிய என்னும் பெயரில், உடுபில, யடிபில என்ற இரு கட்சிகளாக இதுவே பத்தினித் தெய்வத்தின் பொருட்டு ஆடப்பட்டது. 1681இல் வெளிவந்த ரொபட் நொக்ஸின் நூலிலும் இத்தகையதொரு விளையாட்டின் விவரணம் உண்டு. கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய நூலில் இதனை உளப்பகுப்பாய்வு நோக்கில் விளக்கினார்.

அவ்விளக்கம் புறக்கணிக்கத்தக்கதன்று, ஆயின் போதுமானதுமன்று. வயல் போடியாரிடமும் உழைப்பு முல்லைக்காரரிடமும் இருந்த சமுதாயம் இது. சேரிப் பிரிவோ இவ்வேறுபாட்டைக் குறுக்கறுத்துச் சென்றது. போடியாரோடு ஒரே வடத்தைப் பற்றிய தென்சேரி முல்லைக்காரனுக்கு, எதிரியாகத் தோன்றியவன் வடசேரி முல்லைக்காரனே என நாம் கருதுகின்றோம். விளைச்சற் பங்கீடு பற்றிய மனக்குறைக்கு அக்களத்தில் இடமிருக்கவில்லை. (1969இல் எல் சல்வடோருக்கும் ஹொண்டுராசுக்குமிடையே மூண்ட மோதலைக் காற்பந்துப் போர் என்று அழைத்தவர்களிற் பலர் அதன் பின்னிருந்த நிலமற்ற குடியேறிகளின் பிரச்சினையைக் காணத் தவறியதும் இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது.)

எனினும் இவ்வேட்கை எவரது கட்டுக்குள்ளும் நிற்கவில்லை. வசை கைகலப்பாகியது, கைகலப்பு நெடும்பகையாகியது. கொம்புமுறி அருகியமைக்கு இதுவுமொரு காரணம். அம்மனின் சினந் தணிக்கும் வைகாசிக் குளிர்த்தி இப்பிரதேசத்துக் கண்ணகி கோயில்களில் இன்றும் நடைபெறுகின்றது. ஆயின் அவற்றுட் பலவற்றிற் கொம்பு கட்டப்படுவதில்லை.