வீவக வீட்டில் பவளத்தொட்டி: தொடங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வரவேற்பறைச் சுவரோரம் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி. நீல வெளிச்சத்தில் அசையும் பவளங்கள், அவற்றுக்கிடையே ஒளிந்து விளையாடும் கோமாளி மீன்கள். நண்பர் வீட்டில் இதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது நமக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நன்னீர் மீன் வளர்ப்பைப்போல் காலையில் கடைக்குப் போய் மாலைக்குள் முடித்துவிடும் வேலையன்று இது. தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்த நாளிலிருந்து முதல் பவளம் உள்ளே போகும்வரை இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். தனி ஒருவர் செய்து முடிப்பதும் கடினம்.

பணத்தைப் பற்றி யோசிப்பதற்குமுன் எடையைப் பற்றி யோசிக்க வேண்டும். 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் கொண்ட தொட்டி 432 லிட்டர் கொள்ளும். கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். 12 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடி மட்டுமே ஏறத்தாழ 85 கிலோ. பாறை, மணல், தாங்கும் அலமாரி, அதற்குள் இருக்கும் ‘சம்ப்’ எனும் வடிகட்டும் தொட்டி எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 700 கிலோவைத் தாண்டும். அத்தனையும் ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் அமரும். குடியிருப்புத் தளங்களை வடிவமைக்கும்போது சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமையைக் கணக்கில் கொள்வது பொதுவான வழக்கம்.

அந்த அளவு அறை முழுவதும் பரவிய சுமைக்கானது. எனவே தொட்டியை வைத்தவுடன் தளம் விரிசல் விட்டுவிடும் என்று பொருளில்லை. அதேவேளையில், “என் வீட்டில் ஐந்து ஆண்டுகளாக நிற்கிறது, ஒன்றும் ஆகவில்லை” என்று நண்பர் சொல்வதும் சான்றாகாது. அவருடைய புளோக் வேறு, உங்களுடையது வேறு. பெரிய தொட்டி என்றால் தகுதிபெற்ற கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டுவிடுவதே முறை. அறையின் நடுவில் வைப்பதைவிட, உத்தரம் ஓடும் சுவரை ஒட்டி நீளவாக்கில் வைப்பது மேல். பல வீடுகளுக்கு 180 லிட்டர் கொள்ளும் மூன்றடித் தொட்டியே போதும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதில் வளரும் பவளம் அழகில் எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

நண்பர்கள் முதலில் தேவைப்படுவது தூக்குவதற்கு

தொட்டி வந்திறங்கும் நாளுக்குமுன் மின்தூக்கியின் உட்புறம், வாசல், தாழ்வாரத் திருப்பம் ஆகியவற்றை அளந்துகொள்ள வேண்டும். வாசல்வரை வந்து உள்ளே நுழைய முடியாமல் திரும்பிப்போகும் தொட்டிகளும் உண்டு. நான்கடித் தொட்டிக்கு உடல்வலு உள்ள நால்வர் வேண்டும். கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும் உறிஞ்சுபிடிகளைக் கடையில் கேட்டு வாங்கிக்கொண்டால் விரல் நசுங்காது. அலமாரி சமமாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. நீர் நிறைத்த பிறகு கோணலைச் சரிசெய்ய வழியில்லை.

குழாய்களைப் பொருத்தியதும் குழாய்நீரை நிறைத்து ஓரிரு நாள் ஓடவிட்டுக் கசிவைச் சோதிக்க வேண்டும். அடுத்து, வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். பம்பு நின்றதும் மேல்தொட்டியின் நீர் கீழே சம்ப்புக்கு வடியும். மேலே 3 செ.மீ. இறங்கினாலே ஏறத்தாழ 22 லிட்டர் கீழே வந்துவிடும். அதற்கு இடம் விடாமல் சம்ப்பை நிரப்பி வைத்தவர்கள், ஒருநாள் மின்தடைக்குப் பிறகு கீழ்வீட்டாரின் கூரையில் ஈரத்தைப் பார்த்துத்தான் தவற்றை உணர்வார்கள்.

உப்புநீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால் கம்பிகளில் கவனம் தேவை. ஒவ்வொரு கம்பியும் செருகுமிடத்துக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும். அப்போதுதான் கம்பி வழியே வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ‘ஆர்சிசிபி’ கருவி சிங்கப்பூரில் 2025 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் இருக்க வேண்டும் என்பது விதி. 1985க்கு முந்தைய வீடுகளில் அது இல்லாமலிருக்கலாம். அங்கே வசிப்பவர்கள் முதலில் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

நீர், உப்பு, வெப்பம்

நம் குழாய்நீர் குடிக்க உகந்தது, பவளத்துக்கு உகந்ததன்று. அதில் கிருமிநீக்கத்துக்காகச் சேர்க்கப்படும் குளோரமின் உயிரினங்களைக் கொல்லும். ‘ஆர்ஓ-டிஐ’ வடிகட்டி வழியே எடுத்த தூய நீரில் செயற்கைக் கடலுப்பைக் கரைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டில் பொருத்தும் சிறிய வடிகட்டி ஒரு நாளைக்கு 280 லிட்டர் தந்தாலே பெரிது. அதனால் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் இரண்டு மூன்று பேர் தத்தம் வீட்டில் நீரெடுத்துக் கேன்களில் கொண்டுவந்து தருவது வழக்கம். நான்கடித் தொட்டிக்கு ஏறத்தாழ 15 கிலோ உப்பு பிடிக்கும். உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்க வேண்டும். அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரையும் தொடக்கத்தில் நண்பரிடமே இரவல் வாங்கலாம்.

தொட்டியில் நாள்தோறும் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே குறைந்த அளவை ஈடுகட்ட உப்புநீரை அல்ல, தூய நீரையே ஊற்ற வேண்டும். அந்தத் தூய நீரைச் சேமித்து வைக்கும் கலனுக்கு இறுக்கமான மூடி கட்டாயம். தேங்கிய சுத்தமான நீர் ஏடிஸ் கொசுவுக்கு மிகப் பிடித்த இடம். சோதனைக்கு வரும் தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிகளிடம் பவளத்தைக் காரணம் காட்டித் தப்ப முடியாது.

பவளங்களுக்கு 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் ஏற்றது. மதியம் பூட்டிக்கிடக்கும் வீட்டில், விளக்கும் பம்பும் சேர்ந்து சூடாக்க, தொட்டி 30 டிகிரியைத் தாண்டிவிடும். அப்போது பவளம் தன் திசுவில் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் சிங்கப்பூர்க் கடலில் நடந்ததும் இதுதான். சிறிய தொட்டிக்கு மேலே மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். பெரிய தொட்டிக்கு ‘சில்லர்’ எனும் நீர்க்குளிரூட்டி வேண்டும். குளிரூட்டி, விளக்கு, பம்புகள் சேர்ந்து நாளொன்றுக்கு 5, 6 யூனிட் மின்சாரத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும். தொட்டியின் விலையைவிட மாதாமாதம் வரும் இந்தச் செலவுதான் பலரைப் பின்வாங்க வைக்கிறது.

காத்திருக்கும் வாரங்கள்

நீர் தெளிந்ததும் மீனை விட்டுவிடத் துடிப்பவர்களே அதிகம். கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. அதை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், வேறொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டும்வரை தொட்டியில் பாறை மட்டுமே இருக்கட்டும். நண்பரின் பழைய தொட்டியிலிருந்து ஒரு பாறையைப் பெற்று வைத்தால் நுண்ணுயிர்கள் விரைவாகப் பரவும்.

அந்தப் பாறையோடு வேண்டாதவையும் வரலாம். களைபோல் பெருகும் ஐப்டேசியா எனும் சிறு கடல் அனிமோன் வந்துவிட்டால் ஒழிப்பது பெரும்பாடு. அதைக் கொல்வதாக நினைத்துப் பாறையைக் கொதிக்க வைப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் ஆகப் பெரிய ஆபத்து. வண்ண வண்ணமாகப் பூக்கும் சோயாந்தஸ் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் எனும் கொடிய நஞ்சு உண்டு. கொதிக்கும்போது அது ஆவியோடு கலந்து வீட்டிலுள்ள அனைவரையும் மூச்சுத்திணற வைக்கும். வெளிநாடுகளில் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. அவ்வகைப் பவளங்களை வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும். பாறையை வெந்நீரில் கழுவவும் கூடாது.

பவளத்தை எங்கிருந்து பெறுவது? நண்பர்கள் தங்கள் தொட்டியில் வளர்ந்ததை வெட்டித் தரும் சிறு துண்டுகளே சிறந்தவை. செலவு குறைவு, தொட்டி வாழ்வுக்குப் பழகியவை, கடலும் தப்பிக்கிறது. கடினப் பவளங்கள் அனைத்தும் அருகிவரும் உயிரின வணிகத்துக்கான அனைத்துலக உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. ஜோகூர் பாருவில் மலிவாகக் கிடைக்கிறது என்று பையில் போட்டு எல்லை தாண்டிக் கொண்டுவர முடியாது. தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். நீர் வற்றிய நேரத்தில் தீவுகளில் நடந்து துண்டு பெயர்த்து வருவதை நினைத்தும் பார்க்கக் கூடாது. ஏறத்தாழ 250 வகைக் கடினப் பவளங்கள் நம் கடலில் இருக்கின்றன. கலங்கிய நீரையும் கப்பல் போக்குவரத்தையும் தாங்கி அவை பிழைத்திருப்பதே பெரிய காரியம்.

மீன்களில் வளர்ப்பிடத்தில் பொரித்த கோமாளி மீனே தொடங்குபவர்களுக்கு ஏற்றது. மாண்டரின் மீனின் நிறம் யாரையும் மயக்கும். ஆனால் அது பாறையிலுள்ள நுண்ணிய உயிர்களைத் தின்று வாழ்வது. புதிய தொட்டியில் பட்டினியால் மெல்ல மெலிந்து சாகும். எந்த மீனையும் ஒரு மாதம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்துச் சேர்த்தால் வெண்புள்ளி நோய் தொட்டிக்குள் வராமல் தடுக்கலாம்.

அதன் பிறகு வாரந்தோறும் பத்து விழுக்காட்டு நீர் மாற்றம், கால்சியம், காரத்தன்மை சோதனை என்று வேலை தொடரும். எண்கள் சற்று முன்பின் இருந்தாலும் பரவாயில்லை, திடீரென மாறாமலிருப்பதே முக்கியம். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் இரண்டு வாரம்தான் உண்மையான சோதனை. பார்த்துக்கொள்ள வரும் நண்பருக்கு ஒவ்வொரு நாளின் தீனியையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, தேதி எழுதி வைத்துவிட வேண்டும். அன்பு மிகுதியால் அவர் கூடுதலாகப் போட்டுவிடுவார். மீதித் தீனி டப்பாவை ஒளித்து வைத்துவிட்டே விமானம் ஏறலாம்.