க்ரீன் பார்க்கின் ஏழு விமான வீரர்கள்: நினைவுச் சிற்பமும் பொறுப்பு பற்றிய கேள்வியும்

லண்டன் க்ரீன் பார்க்கில், பிக்காடில்லி சாலையை ஒட்டி நிற்கும், இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைக்கான நினைவகத்தை 2012 ஜூன் 28 அன்று இரண்டாம் எலிசபெத் அரசி திறந்துவைத்தார். அப்போது ஐரோப்பாவில் போர் முடிந்து 67 ஆண்டுகள் ஆகியிருந்தன. இத்தாமதத்துக்கு மறதி காரணமன்று. 1943 ஜூலையில் ஹாம்பர்க்கிலும் 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனிலும் அப்படை பங்கேற்ற குண்டுவீச்சில் பல்லாயிரம் குடிமக்கள் மாண்டனர். டிரெஸ்டனில் 25,000 பேர் வரை இறந்தனர் என்பது 2010இல் வெளிவந்த வரலாற்றாய்வாளர் குழுவின் முடிவு. மறுபுறம், அப்படையில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் திரும்பவில்லை. அவர்கள் அனைவரும் தாமே முன்வந்து சேர்ந்தவர்கள். ஒரு தரப்பின் சாவை மறைக்காமல் மறுதரப்பின் சாவுக்குச் சிலை வைக்க முடியுமா? பிலிப் ஜாக்ஸனின் வெண்கலச் சிற்பம் இதில் பெருமளவு வெல்கிறது. அதைச் சூழ்ந்த கட்டடமே அவ்வெற்றியைக் குறைக்கிறது என்பது என் வாதம்.

ஜாக்ஸன் தேர்ந்துகொண்ட கணம் கவனத்துக்குரியது. தாக்குதல் முடித்துத் தரையிறங்கிய ஏழு பேர் விமானத்தைவிட்டு வெளியே வந்து நிற்கிறார்கள். பாரமான உடைமைகளை இறக்கி வைத்தாயிற்று. சிலர் கண்கள் வானத்தில், இன்னும் வந்து சேராத விமானங்களைத் தேடுகின்றன. உயர்த்திய கை இல்லை, வெற்றிக்குறி இல்லை. ஏழு என்பது லங்காஸ்டர் விமானக் குழுவின் எண்ணிக்கை: விமானி, பொறியாளர், வழி கணிப்பவர், குண்டு வீசுபவர், வானொலி இயக்குபவர், துப்பாக்கி வீரர் இருவர். இக்குழுக்களைப் பெரும்பாலும் மேலிடம் அமைக்கவில்லை. பயிற்சி நிலையத்தில் ஒரு கொட்டகைக்குள் அனைவரையும் விட்டுவிடுவார்கள். இளைஞர்கள் தாமே ஒருவரையொருவர் தேர்ந்துகொள்வார்கள். விமானி சார்ஜென்டாகவும் உடன் வருபவர் உயரதிகாரியாகவும் இருந்தாலும் வானில் விமானியின் சொல்லே செல்லும். இந்தச் சமநிலையைச் சிற்பி சரியாகப் பிடித்திருக்கிறார். யாரும் தலைவராக முன்னிறுத்தப்படவில்லை.

1992இல் செயின்ட் கிளெமென்ட் டேன்ஸ் தேவாலயத்தின் முன் நிறுவப்பட்ட, குண்டுவீச்சுப் படையின் தளபதி ஆர்தர் ஹாரிஸின் சிலையோடு இதை ஒப்பிட வேண்டும். தனிமனிதரை உயர்த்திய அச்சிலை மீது சிவப்புச் சாயம் ஊற்றப்பட்டது. நகரங்கள் மீது குண்டு வீசும் கொள்கைக்கு ஹாரிஸ் ஒருவரே பொறுப்பு என்பதும் சரியன்று. எதிரி நாட்டுக் குடிமக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மன உறுதியைக் குலைப்பதே இலக்கு என்னும் ஆணை 1942 பிப்ரவரி 14இல் பிறந்தது. அவர் பொறுப்பேற்றது அதற்குப் பிறகே. ஆணையிட்ட அரசியலாளர்கள் போர் முடியும் தறுவாயில் விலகி நின்றுகொண்டார்கள். பறந்தவர்களுக்கோ தனிச் சிறப்புப் பட்டைகூட 2013இல்தான் கிடைத்தது. இந்த அநீதியை மறுக்க முடியாது.

ஆனால் நினைவகத்தின் கட்டடக் கலைஞர் லியம் ஓ'கானரின் டோரிக் தூண்களும் போர்ட்லாந்து கல்லும் வேறொரு குரலில் பேசுகின்றன. அது பேரரசின் குரல். களைத்த ஏழு மனிதர்களுக்குப் பொருந்தாதது. விதிவிலக்கு கூரை. 1944 மே மாதம் பெல்ஜியத்தில் வீழ்ந்த, குண்டுவீச்சுப் படையின் ஹாலிஃபாக்ஸ் விமானத்தின் அலுமினியம் அதில் பயன்பட்டுள்ளது. சதுப்பில் புதைந்த அவ்விமானத்தை 1997இல் தோண்டியபோது கனடிய வீரர் மூவரின் உடல்கள் உள்ளே கிடைத்தன. கட்டடத்தில் உண்மையான துயரம் தங்கியிருப்பது அங்கேதான்.

1939 முதல் 1945 வரை குண்டுவீச்சில் இறந்த எல்லா நாட்டவரையும் நினைவுகூரும் வாசகமும் நினைவகத்தில் உண்டு. ஒன்பது அடி உயர உருவங்கள் ஏழின் முன் அந்த ஒரு வரி மிகச் சிறியது. குண்டு வீசியவர்களைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இலக்கைத் தேர்ந்தவர்கள் அவர்களல்லர். ஆயினும் கீழே எரிந்த நகரத்தைக் கண்டவர்கள் அவர்களே. அவர்களின் துயரத்தை முழுதாகச் சொல்வதற்கும் கீழே இருந்தவர்கள் தேவை.

2018இல் லிங்கனில் திறக்கப்பட்ட பன்னாட்டுக் குண்டுவீச்சுப் படை மையம் இதை நன்றாக உணர்ந்திருக்கிறது. படையில் பணியாற்றி இறந்த ஏறத்தாழ 58,000 பேரின் பெயர்கள் அங்கே சுவர்களில் உள்ளன. குண்டுக்கு ஆளானவர்களின் சாட்சியங்களும் அதன் ஆவணக் காப்பகத்தில் சேர்க்கப்படுகின்றன. க்ரீன் பார்க்கின் வெண்கலத்தை மாற்ற வேண்டியதில்லை. ஹாம்பர்க், டிரெஸ்டன் ஆகிய நகரங்களின் பெயர்களையும் அங்கே இறந்தோரின் தொகையையும் பார்வையாளரின் கண்மட்டத்தில் பொறிக்க வேண்டும்.