பரிமாறியவரே உடைமையாளர்

தொழிலாளி தான் உழைக்கும் நிலையத்திற்குத் தானே உடைமையாளனாதல் கூடுமோ என்பது நெடுநாளைய வினா. இதற்கு நூலால் அன்றிச் செயலால் விடை பகர்ந்தோர், இந்தியக் காப்பி விடுதிகளின் ஊழியராவர்.

1930ஆம் ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தத்தால் காப்பிக்கொட்டையின் விலை வீழ்ந்தது. உள்நாட்டிலேயே காப்பி அருந்துவோரைப் பெருக்கும் நோக்குடன், 1936இல் பம்பாயில் முதல் விடுதி திறக்கப்பட்டது. பின்னர், சட்டத்தின்வழி அமைந்த காப்பி வாரியம் பல நகரங்களில் இவற்றை நடத்தி வந்தது. குறைந்த விலைக்கு நல்ல காப்பி கிடைத்தமையால், மாணவரும் எழுத்தாளரும் கூடி உரையாடும் மன்றங்களாக அவை விளங்கின.

1950களின் நடுவில் வாரியம் தன் கொள்கையை மாற்றிக்கொண்டு விடுதிகளை மூடலாயிற்று. ஊழியர் பலர் வேலையிழந்தனர். அப்போது அவர்களுக்குத் துணைநின்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஏ.கே. கோபாலன், கூட்டுறவுச் சங்கம் அமைத்து விடுதிகளைத் தாமே ஏற்று நடத்துமாறு வழிகாட்டினார். 1957 ஆகஸ்ட் 19ஆம் நாள் பெங்களூரில் முதற் சங்கம் தோன்றியது. அவ்வாண்டிலேயே தில்லியிலும், 1958 மார்ச்சு 8இல் திருச்சூரிலும் ஊழியரின் விடுதிகள் திறக்கப்பட்டன. புதுச்சேரியிலும் இத்தகைய சங்கம் எழுந்தது.

அவர்களிடம் பெருமுதல் இல்லை. கைப்பழக்கமான தொழில்திறனும், வாடிக்கையாளரின் நன்மதிப்புமே அவர்தம் செல்வம். தலைப்பாகையும் அகன்ற இடைவாரும் கொண்ட சீருடை தொடர்ந்தது. அதனை அணிந்தவரின் நிலையோ மாறியது. நேற்றுவரை கட்டளைக்குப் பணிந்தவர், இன்று நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்தார். கூட்டுறவு முறையில் பங்கு மிகுந்தவருக்கும் குறைந்தவருக்கும் வாக்கு ஒன்றே.

உரிமையோடு பொறுப்பும் உடன்வந்தது. முன்பு நட்டம் நேரின் அது வாரியத்தின் கணக்கில் சேரும். இப்போதோ அது அவர்தம் வீட்டு அடுப்பையே தொடும். 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில், தில்லி கன்னாட் பிளேசில் இருந்த விடுதி தன் பழைய இடத்தையே இழந்தது. ஆயினும் அச்சங்கம் அழிந்துவிடவில்லை. மோகன் சிங் பிளேசு கட்டடத்தில் விடுதி தொடர்ந்தது. கேரளத்திலோ கிளைகள் பல்கிப் பெருகின.

வேலை பறிபோனபோது இழப்பீடு பெற்றுப் பிரிந்து போதல் எளிது. ஒருவரையொருவர் நம்பி ஒன்றாய் நிற்றலே அரிது. அவ்வரிய செயலைச் செய்து காட்டியவர்கள் கோப்பை ஏந்திய கையினர். கூட்டுறவின் பொருளை மாணவர்க்கு விளக்கப் புகும் ஆசிரியர், இவ்வரலாற்றினின்றே தொடங்கலாம்.