கதிர்மருந்தும் இயந்திரக் கையும்

உயிருள்ள உடலினுள் ஒரு பொருள் செல்லும் வழியை, அவ்வுடலை அறுக்காது அறிதல் கூடுமோ? ஹங்கேரிய இரசாயன அறிஞர் ஜோர்ஜ் டி ஹெவெசி 1923ஆம் ஆண்டில் இதற்கு வழிகோலினார். கதிர்வீசும் ஈயத்தை நீரிற் கலந்து அவரையினச் செடிக்கு ஊட்டி, அது செடியின் உறுப்புக்களிற் பரவியதைக் கதிரைக்கொண்டே அளந்தார். இவ்வாறு தன் வழியைத் தானே காட்டும் பொருளைச் சுவடறிபொருள் எனலாம். 1943ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசு ஹெவெசிக்கு வழங்கப்பட்டது.

செடியில் தொடங்கிய முறை மனித மூளையையும் எட்டியது. மூளைக்கு எரிபொருளாவது குளுக்கோசு என்னும் சர்க்கரை. அதனை ஒத்த மூலக்கூறொன்றிற் கதிர்வீசும் புளோரீன்-18ஐப் பிணைத்து உடலிற் செலுத்தினால், சர்க்கரையை மிகுதியாக நாடும் இடங்களை வெளியிலிருந்தே படமாக்கலாம். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் ஆல்பிரட் வுல்ஃப், தத்சுவோ இடோ முதலியோர் இம்மருந்தை ஆக்கினர். 1976 ஆகஸ்டில் அது விமானமூலம் பிலடெல்பியாவுக்கு அனுப்பப்பட்டது. அங்கு வைத்தியர் அபாஸ் அலவி குழுவினர் நலமுள்ள இருவருக்கு அதனைச் செலுத்திப் படம் பெற்றனர்.

விமானம் எதற்கு? புளோரீன்-18 ஏறத்தாழ 110 நிமிடத்திற் பாதியாகும்; மேலும் 110 நிமிடத்திற் காலாகும். வெயிலிற் கொண்டுசெல்லும் பனிக்கட்டி போன்றது அது. வழியிற் குறைவதை ஈடுசெய்ய முதலிலேயே மிகுதியாக ஆக்கவேண்டும். அவ்வாறு ஆக்குபவரின் கைகளைக் கதிர் தாக்கும். நோயாளிக்கு அத்தாக்கம் எப்போதாவது ஒருமுறை, ஆக்குபவருக்கோ நாடோறும். பிறர் நோயறிய ஒருவர் தம் உடல்நலத்தை விலையாகக் கொடுப்பது முறையாகுமா?

1986ஆம் ஆண்டில் ஜேர்மனியின் யூலிக் நகரில் ஹமாகர், கூனன், ஸ்டொக்லின் ஆகியோர் புதுமுறையொன்றை வெளியிட்டனர். முன்னைய முறைக்கு நச்சுத்தன்மை வாய்ந்த புளோரீன் வாயு வேண்டியிருந்தது, விளைவும் சிறிது. புதுமுறையிலோ புளோரீன் நீர்க்கரைசலாகவே கிடைத்தது. அதிற் பாதிக்கு மேல் மருந்தாயிற்று. உலர்த்தல், சூடாக்கல், வடித்துத் தூய்மை செய்தல் என வேலையும் சில படிகளுள் அடங்கியது. ஒழுங்காகத் திரும்பத்திரும்பச் செய்யத்தக்க படிகளை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம் அன்றோ?

அவ்வாறே ஈயச் சுவருக்குள் குழாய்களும் வால்வுகளும் பொருந்திய பெட்டி அமைந்தது. கணினியின் ஆணைப்படி அது ஏறத்தாழ அரைமணி நேரத்தில் மருந்தை ஆக்குகின்றது. இரசாயனவியலாளர் சுவருக்கு வெளியே நிற்கின்றார். ஆயினும் மருந்தின் தூய்மையைச் சோதித்து, நோயாளிக்கு ஏற்றதென ஒப்பமிடும் பொறுப்பு அவருடையதே. கையை வருத்திய வேலையை இயந்திரம் ஏற்றது. பொறுப்பு மனிதரிடமே நின்றது.