ஒரு நீல டப்பா கற்றுத்தந்த பாடம்

மலிவு விலையில் வயர்லெஸ் ரூட்டர் வாங்கப் போனால் நாம் வழக்கமாகக் கேட்பது மூன்றே கேள்விகள்தான். எத்தனை ஆன்டெனா? எவ்வளவு ஸ்பீடு? கடைசி விலை என்ன? நான்காவதாக இன்னொரு கேள்வி இருக்கிறது. 2002-இல் வந்த ஒரு ரூட்டர்தான் அதை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தது. அதன் கதையைத்தான் இங்கே எழுதப்போகிறேன். காமர்ஸ் படிக்கிறவனுக்கு ரூட்டரில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கதையில் பாதிக்கு மேல் லைசென்ஸ், கம்பெனி கைமாறுவது, செலவைக் குறைப்பது என்று நம்ம பாடம்தான் வருகிறது :-)

முதலில் கொஞ்சம் முன்கதை. 1985-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை லைசென்ஸ் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. நம் வைஃபை ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அதில் ஒன்று. 1997-இல் 802.11 என்ற தரம் வந்தது. வேகம் வெறும் 2 எம்பிபிஎஸ். 1999-இல் வந்த 802.11பி அதை 11 ஆக்கியது. அதே வருடம் ஆப்பிள் தன் ஏர்போர்ட் கருவியை 299 டாலருக்கு விற்றது. சாதாரண வீட்டுக்குக் கட்டுப்படியாகிற விலை இல்லை.

இந்த இடத்தில்தான் லிங்க்ஸிஸ் வருகிறது. தைவானிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய விக்டர் சாவ், ஜேனி சாவ் தம்பதி 1988-இல் கலிஃபோர்னியாவில் தங்கள் வீட்டு கராஜில் தொடங்கிய கம்பெனி. வீட்டுக்குத் தேவையான நெட்வொர்க் கருவிகளை விலை குறைவாகத் தருவதுதான் அவர்கள் வியாபாரம். 2002 டிசம்பரில் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரூட்டரை வெளியிட்டார்கள். நீலமும் கறுப்புமாக ஒரு டப்பா, பின்னால் இரண்டு ஆன்டெனா, 54 எம்பிபிஎஸ் வேகம். வேடிக்கை என்னவென்றால், அந்த வேகத்துக்கான 802.11ஜி தரம் அதிகாரபூர்வமாக ஒப்புதல் பெற்றதே 2003 ஜூனில்தான். வரைவை வைத்துக்கொண்டே முந்திக்கொண்டார்கள்!

2003 மார்ச்சில் சிஸ்கோ, சுமார் 50 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து லிங்க்ஸிஸை வாங்குவதாக அறிவித்தது. சில மாதங்களிலேயே தலைவலி ஆரம்பித்தது. டப்பாவுக்குள் ஓடுவது லினக்ஸ் என்று நிரலாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

லினக்ஸ் இலவசம்தானே, அதில் என்ன தப்பு? இலவசம்தான், ஆனால் நிபந்தனை உண்டு. ஜிபிஎல் என்ற உரிமத்தின்படி, அந்த மென்பொருளை எடுத்து ஒரு பொருளில் வைத்து விற்றால், வாங்கியவர் கேட்கும்போது அதன் மூல நிரலைக் கொடுத்தாக வேண்டும். லிங்க்ஸிஸ் கொடுக்கவில்லை. சிப் தந்தது பிராட்காம், மென்பொருள் வேலையைச் செய்தது தைவானின் சைபர்டான். இப்படிக் கை மாறி மாறி வந்த சரக்குக்குள் இருந்த கடமையைக் கோடிக்கணக்கில் கொட்டி வாங்கிய சிஸ்கோ கவனிக்கவில்லை. கம்பெனி வாங்கும்போது வரவு செலவுக் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

எதிர்ப்பு வலுத்ததும் 2003-லேயே மூல நிரல் வெளிவந்தது. பிறகு நடந்ததுதான் சுவாரசியம். அதை அடித்தளமாக வைத்து 2004-இல் ஓபன்டபிள்யூஆர்டி தொடங்கியது. பெயரிலேயே நம் டப்பாவின் பெயர் இருப்பதைக் கவனியுங்கள். அடுத்து டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோ என்று வரிசையாக வந்தன. சிக்னல் பலத்தைக் கூட்டுவது, ஒருவர் டவுன்லோடு போட்டாலும் மற்றவருக்கு நெட் திணறாமல் பங்குபோடுவது என்று விலை உயர்ந்த கருவிகள் செய்த வேலைகளை இந்த மலிவு டப்பா செய்ய ஆரம்பித்தது.

2005-இல் கம்பெனி கணக்குப் போட்டது. ஐந்தாம் வெர்ஷனில் லினக்ஸை எடுத்துவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸைப் போட்டார்கள். அதற்குக் குறைந்த மெமரி போதும் என்பதால் ஃப்ளாஷ் 4 எம்பியிலிருந்து 2 ஆனது, ராம் 16-இலிருந்து 8 ஆனது. வெளியே அதே பெயர், அதே நீல நிறம். உள்ளே வேறு ஆள்! லினக்ஸ் வேண்டுமென்றவர்களுக்கு டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று பழைய உடம்போடு தனி மாடல் விட்டார்கள். அது 2016-லும் விற்றுக்கொண்டிருந்தது.

உரிமப் பிரச்சினை அதோடு முடியவில்லை. லிங்க்ஸிஸ் பெயரில் வந்த பொருள்கள் தொடர்பாக, 2008 டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோ மீது வழக்குப் போட்டது. 2009 மே மாதம் சமரசம் ஆனது. உரிமங்களைக் கவனிக்கத் தனி அதிகாரியை நியமிக்கவும், அறக்கட்டளைக்குப் பணம் தரவும் சிஸ்கோ ஒப்புக்கொண்டது.

சரி, நான்காவது கேள்விக்கு வருவோம். "உள்ளே இருக்கும் மென்பொருளை இன்னும் எத்தனை வருஷத்துக்கு யார் பழுதுபார்ப்பார்கள்?" வைஃபையின் முதல் பூட்டான வெப், 2001-லேயே உடைக்கப்பட்டது. டபிள்யூபிஏ2 வந்தது 2004-இல். அப்டேட் கிடைத்த ரூட்டர் பிழைத்தது, கிடைக்காதது திறந்த வீடு ஆனது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் 60 சொச்சம் தொழிற்சாலைக் கடவுச்சொற்களை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. மாட்டியவற்றில் பெரும்பாலானவை மலிவுப் பொருள்கள்தான்.

ஆகவே வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஹார்ட்வேர் வெர்ஷன் பாருங்கள். அந்த வெர்ஷன் ஓபன்டபிள்யூஆர்டி பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். 16 எம்பி ஃப்ளாஷ், 128 எம்பி ராம் இருந்தால் நிம்மதி. (தப்பான வெர்ஷனுக்கான கோப்பை ஏற்றினால் ரூட்டர் செங்கல் ஆகிவிடும், ஜாக்கிரதை!) வீட்டுக்கு வந்ததும் அட்மின் கடவுச்சொல்லை மாற்றி, டபிள்யூபிஏ2 அல்லது 3 வைத்து, வீட்டின் நடுவில் கொஞ்சம் உயரமாக வையுங்கள்.

2024-இல் ஓபன்டபிள்யூஆர்டி குழுவே தனக்கென்று ஒரு ரூட்டரை 89 டாலருக்குக் கொண்டுவந்தது. ஒரு கம்பெனி கொடுக்க மறந்த மூல நிரலில் ஆரம்பித்த கதை அங்கே வந்து நிற்கிறது. இப்போது எழுந்துபோய் உங்கள் வீட்டு ரூட்டரைத் திருப்பிப் பாருங்கள். வெர்ஷன் என்ன, கடைசி அப்டேட் எந்த வருடம் என்று எனக்கும் சொல்லுங்கள்.