தொடுகையும் நோன்பும்: மலையகத் தோட்டங்களிற் சிகிச்சைக்கு ஆயத்தமான வரலாறு

மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அவர்தம் வருகை, கூலி, கங்காணி முறை, குடியுரிமை என்பனவற்றையே முதன்மைப்படுத்தியுள்ளனர். நோயுற்ற ஒருவர் முதன்முறையாகச் சிகிச்சைக்குச் செல்லுமுன் தம்மை எவ்வாறு ஆயத்தப்படுத்திக்கொண்டார் என்பது அவற்றோடு ஒப்பிடச் சிறியதொரு வினாவாகத் தோன்றலாம். எனினும், எப்பொழுது உண்பது, எதனை விலக்குவது, எந்நாளிற் செல்வது என்பனவற்றைத் தீர்மானித்தவர் யார் என நோக்கும்போது, தொழிலாளியின் உடலும் பொழுதும் யாருடைய ஆட்சியில் இருந்தன என்பது புலனாகின்றது.

கைவைத்துக் குணப்படுத்தும் முறைகளுள் இன்று உலகெங்கும் பெயர் பெற்றிருப்பது ரெய்கி. யப்பானியரான மிக்காவோ உசுயி 1922 இல் டோக்கியோவில் இதனைக் கற்பிக்கத் தொடங்கினார். முதன்முறை செல்வோர் மதுவை விலக்கி, இலேசாக உண்டு, தளர்ந்த உடையணிந்து, அமைந்த மனத்தோடு வருமாறு கூறப்படுவர். இம்முறை பேசும் உயிர்ச்சக்தி அறிவியல் வழியில் நிறுவப்பட்டதன்று. ஆயினும் அது மேலைநாடுகளுக்குப் பரவிய வழி நம் பொருளோடு தொடர்புடையது. அதனை அங்கு கொண்டு சென்ற ஹவாயோ தக்காத்தா அம்மையார் 1900 இல் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயிற் பிறந்தவர். கரும்புத் தோட்டத்திற் பிழைக்க வந்த யப்பானியக் குடும்பத்தின் மகள். 1935 இல் நோயுற்று டோக்கியோ சென்ற அவர், அறுவைக்கென மேசையிற் கிடத்தப்பட்ட வேளையில் அது வேண்டாமென எழுந்து, உசுயியின் மாணவரான ஹயாஷியின் நிலையத்தை நாடியதாகத் தாமே கூறியுள்ளார். மருத்துவமனை ஆயத்தம் செய்துவைத்த உடல் வேறொரு சிகிச்சைக்குச் சென்ற கதை இது. பெருந்தோட்டமொன்றின் சூழலில் வளர்ந்தவரின் வாழ்வில் நிகழ்ந்த இவ்விரட்டை நாட்டம் ஹவாய்க்கு மட்டும் உரியதன்று.

இலங்கையின் மத்திய மலைநாட்டுக்குக் கோப்பிக் காலத்தில் வந்த தமிழர் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். வழியிலேயே மாண்டோர் பலர். தொழிலாளரின் மருத்துவம் பற்றி அரசு 1872 இல் சட்டமியற்றியது. அவ்வாண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாக வகுக்க வழிசெய்தது. 1912 இல் அது திருத்தியமைக்கப்பட்டதோடு, தொழிலாளர் நோய்கள் பற்றித் தனிச் சட்டமொன்றும் வந்தது. கோப்பி அழிந்து தேயிலை பரவியபோது ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் டிஸ்பென்சரிகளும் தோன்றின. ஆனால் அங்கு செல்வதற்கான முதல் ஆயத்தம் அனுமதி பெறுவதே. விடியற்காலையிற் பெரட்டுக் களத்தில் நின்று, கணக்கப்பிள்ளையிடம் நோயைச் சொல்லி, அன்றைய பேரை இழக்க உடன்பட்ட பின்னரே மருந்துப் போத்தலைக் கையிலெடுக்கலாம். பேர் என்பது ஒருநாட் சம்பளம் என்பதை மலையகத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை.

கோயிற் பூசாரியிடமோ, மந்திரிக்கும் முதியவரிடமோ செல்வதற்கும் ஆயத்தம் உண்டு. ஆனால் அதன் தன்மை வேறு. செவ்வாய் அல்லது வெள்ளி மாலை, கொழுந்து நிறுத்துக் கொடுத்த பின்னர், தலைக்கு நீராடி, புலால் விலக்கி, வெற்றிலை, எலுமிச்சம்பழம், கற்பூரம் ஆகியவற்றோடு மஞ்சட் துணியில் முடிந்த காணிக்கையையும் எடுத்துக்கொண்டு லயத்திலிருந்து புறப்படுவர். வீட்டில் அம்மை கண்டிருப்பின் தாளித்தலும் இல்லை. மதுவும் ஆகாது. ரோதை முனிக்கும் கவ்வாத்துச் சாமிக்கும் இடம் தந்த மலையகச் சமயத்தில், முனிக்குச் சாராயமும் சுருட்டும் படைக்கப்படும். நோயாளிக்கு மட்டும் அது விலக்கு. இம்முரண்பாட்டைப் பூசாரியிடம் எவரும் வினவியதாகத் தெரியவில்லை! அங்கே உட்காரவைத்து, பெயரும் நட்சத்திரமும் கேட்டு, 'ஆத்தா', 'தம்பி' என விளித்து, நெற்றியில் திருநீறிட்டு, வேப்பிலையால் தலைமுதற் கால்வரை தடவுவர். செக்ரோலில் ஓர் இலக்கமாக நின்றவர் அவ்வொரு நாழிகைக்கேனும் பெயருடைய மனிதராகிறார். மாலை நேரமாதலின் பேரும் வீணாவதில்லை. தொழிலாளர் டிஸ்பென்சரியை விடுத்துப் பூசாரியை நாடியதை அறியாமை எனத் தோட்டத் துரைமார் இகழ்ந்தனர். இந்நேரக் கணக்கை அவர்கள் எண்ணிப்பார்க்கவில்லை போலும்.

எனினும் பூசாரியின் கை எல்லாவற்றையும் தீர்த்ததெனக் கொள்ளல் தவறாகும். கொழுக்கிப்புழு அதற்குச் சான்று. வெறுங்காலோடு ஈரமண்ணில் நின்று வேலைசெய்தோரின் பாதத்தோலைத் துளைத்து உட்சென்று, சிறுகுடலிற் பற்றி இரத்தத்தை உறிஞ்சுவது இப்புழு. வெளுத்த முகத்தையும், மலையேற இயலாத இளைப்பையும் லயத்திலுள்ளோர் முனி அடித்ததென்றனர், துரைமார் சோம்பலென்றனர். புழுவை இரு சாராரும் காணவில்லை. திருநீற்றால் அது அகலவுமில்லை. பிள்ளைப்பேற்றின்போது இச்சோகையால் உயிரிழந்த பெண்களுக்கு மாலை நேரத்துத் தொடுகை ஆறுதலாயிருந்திருக்கலாம், மருந்தாக இருக்கவில்லை.

1916 இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் தாபனம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் இந்நோய்க்கெதிரான இயக்கத்தைத் தொடங்கி, பின்னர் ஏனைய தோட்டப் பகுதிகளுக்கும் விரித்தது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் மிகப் பெரும்பான்மையோரிடம் புழு காணப்பட்டது. இந்நோய்க்கு அக்காலத்தில் வழங்கப்பட்ட முதன்மையான மருந்து தைமோல். அதனை உட்கொள்ளுமுன் நோயாளி ஆயத்தமாக வேண்டிய முறை வியப்பூட்டுவது. முன்னிரவிலே பேதியுப்புக் குடிக்கவேண்டும், உணவை நிறுத்தவேண்டும், மறுநாட் காலை வெறும் வயிற்றில் மருந்தை விழுங்கி, மீண்டும் பேதியுப்புக் குடிக்கவேண்டும். அதுவரை எண்ணெயும் கொழுப்பும் சாராயமும் அறவே ஆகா. பூசாரி விதித்த நோன்பையே மருத்துவரும் விதித்தார் எனலாம்! காரணம் மட்டும் வேறு. தைமோல் நீரிற் கரைவது அரிது. எண்ணெயிலும் மதுவிலும் எளிதிற் கரையும். கரைந்தால் குடலில் நில்லாது இரத்தத்திற் கலந்து, புழுவைக் கொல்லவேண்டிய மருந்து மனிதனுக்கே நஞ்சாகும். விரதமிருந்து பழகிய மக்களிடம் இக்காரணத்தை அவர்தம் மொழியில் விளக்கியிருப்பின் மருத்துவர்க்கு நல்லதொரு வாயில் திறந்திருக்கும். ஆனால் இயக்கத்தினர் தோட்ட முகாமையிடம் எடுத்துக்கூறிய பயன், புழு நீங்கிய தொழிலாளி கூடுதலாக வேலை செய்வான் என்பதே.

நோயாளி ஆயத்தமானார், தோட்டம் ஆயத்தமாகவில்லை. மலசலகூடமின்றிப் புழுவின் முட்டைகள் மண்ணிற் சேர்வதைத் தடுக்க இயலாது என்பதை மருத்துவர் தெளிவாக அறிந்திருந்தனர். அவற்றைக் கட்டும் செலவை ஏற்கத் தோட்டச் சொந்தக்காரர் பலர் தயங்கினர். மருந்துண்டு தேறியவர் அதே மண்ணில் மீண்டும் வெறுங்காலோடு நின்றார். ஒருவரே மறுபடியும் பேதியுப்புக் குடித்து, மறுபடியும் பட்டினி கிடக்க நேர்ந்தமைக்கு அவருடைய அறியாமையைக் காரணமாகக் காட்டுவது எவ்வகையிலும் பொருந்தாது.

பிற்காலத்து மாற்றங்கள் பல. 1948 இல் தொழிலாளர் குடியுரிமை இழந்தனர். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. 1990களிலிருந்து தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. தைமோல் மறைந்துவிட்டது, இன்றைய பூச்சி மாத்திரைக்கு நோன்பு வேண்டியதில்லை, ஒரு மிடறு தண்ணீரே போதும். காலையில் வைத்தியசாலைக்குச் செல்பவர் அன்றைய பேரை விடவேண்டும் என்பது மாத்திரம் பல தோட்டங்களில் அவ்வாறே உள்ளது. வெள்ளி மாலைகளில் கோயிலடியில் திருநீற்றுக்கு நிற்போரும் உளர்; அவர்களுட் சிலரது மடியில் மாத்திரை உறையும் இருக்கும்.